எதை மறப்பது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள்

ஒரு சர்வர் ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதனிடம் சில கேள்விகள் கேட்கப்படுகின்றன. பிராசஸருக்கு எவ்வளவு வேலை, நினைவகத்தில் எவ்வளவு இடம் மிச்சம், இணைப்பு வழியாக எத்தனை பைட் போயிற்று, அறையின் வெப்பம் எவ்வளவு. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் ஒரே ஒரு எண்தான். ஒரு கேள்விக்கு நாளொன்றுக்கு 288 எண்கள், ஆண்டுக்கு 1,05,120. ஒரு வங்கியிலோ பெரிய மருத்துவமனையிலோ இப்படிக் கேட்க வேண்டிய கேள்விகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எண்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை வைக்கும் டிஸ்க் மட்டும் வளர்வதில்லை. கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் அது நிரம்பும், நிரம்பியதும் கண்காணிக்கும் கருவியே நின்றுபோகும். மற்றவற்றுக்குக் காவலாக வைத்த கருவி தானே ஒரு கோளாறாக மாறுவதைவிட மோசமான நிலை அந்தத் துறையில் இல்லை. ஆகவே, இத்தகைய எண்களைச் சேமிக்கும் தரவுத்தளத்துக்கு முதல் நாளே ஓர் அளவை நிர்ணயித்து, அது எந்நாளும் அதற்கு மேல் வளராதபடி அமைக்க வேண்டும். அப்படி அமைக்கும்போது எந்த விவரத்தை எத்தனை நாள் கழித்து மறப்பது என்ற கேள்வி வந்து நிற்கிறது. இந்த வேலையில் அறிவைச் செலவிட வேண்டிய இடம் அதுதான். பெரும்பாலோர் அதைக் கருவியின் இயல்பு அமைப்புக்கே விட்டுவிடுகிறார்கள் என்பதே என் குறை.

இந்த யோசனை முப்பது ஆண்டுப் பழையது. 1994-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், டி மான்ட்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார் டோபியாஸ் ஓட்டிக்கர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். அங்கே வெளியுலகத்தோடு இருந்த ஒரே இணைப்பு 64 கிலோபிட். அதாவது நொடிக்கு 8,000 பைட். அதை எல்லோரும் பங்குபோட்டுக்கொண்டதால், இப்போது இணைப்பு எவ்வளவு நெரிசலாக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது. ரவுட்டரிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு, கிராஃப் வரைந்து, வலைப்பக்கத்தில் காட்டும் ஒரு சிறு நிரலை அவர் எழுதினார். எம்ஆர்டிஜி என்ற பெயரில் 1995-ல் அது வெளியே வந்தது. கிராஃபைவிட அதன் பதிவுக் கோப்பில்தான் புதுமை இருந்தது. அண்மை எண்களை ஐந்து நிமிட நுணுக்கத்தில் வைக்கும். பழையவற்றை அரை மணிச் சராசரியாக, பிறகு இரண்டு மணிச் சராசரியாக, பிறகு நாள் சராசரியாகச் சுருக்கும். இரண்டு ஆண்டு தாண்டியதை விட்டுவிடும். கோப்பு வளர்வதே இல்லை. ஒருமுறை நிறுவிவிட்டால் ஆண்டுக்கணக்கில் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் உலகமெங்கும் பரவியது. ஓட்டிக்கர் பிறகு ஸூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்தச் சேமிப்புப் பகுதியை மட்டும் தனியே எடுத்து, எந்த எண்ணுக்கும் பொருந்தும்படி மாற்றி, ஆர்ஆர்டிடூல் என்ற பெயரில் 1999-ல் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார். காக்டை, முனின், கேங்க்லியா, ஸ்மோக்பிங் எனப் பின்னால் வந்த பல கண்காணிப்புக் கருவிகளின் அடியில் இருப்பது இதுவே.

உள்ளே நடப்பது எளிது. கோப்பை உருவாக்கும்போதே இத்தனை வரிசை வேண்டும் என்று சொல்லிவிடுகிறோம். அத்தனை இடமும் அப்போதே ஒதுக்கப்பட்டுவிடும். கோப்பு பிறக்கும்போதே அதன் முழு அளவில் பிறக்கிறது. வரிசைகள் வட்டமாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புது எண்ணும் அடுத்த இடத்தில் எழுதப்படும். கடைசி இடம் முடிந்ததும் மீண்டும் முதல் இடம், அங்கிருந்த பழைய எண் அழிந்துபோகும். கல்யாணப் பந்தியில் நூறு இலைதான் என்றால், ஊரே வந்தாலும் ஒரே நேரத்தில் நூறு பேர்தான் உட்கார முடியும்; முந்தி உட்கார்ந்தவர் எழுந்தால்தான் அடுத்தவருக்கு இடம். ஆனால் ஆர்ஆர்டிடூல் ஒரே ஒரு வட்டத்தோடு நிற்பதில்லை. ஒரே கோப்பில் பல வட்டங்கள் வைக்கலாம். சிறிய இடைவெளியில் சில நாட்களுக்கு ஒன்று, பெரிய இடைவெளியில் பல மாதங்களுக்கு இன்னொன்று. எண் உள்ளே வரும்போதே எல்லா வட்டங்களுக்குமான கணக்கு நடந்துவிடுகிறது. ஆகவே ஐந்து நிமிட விவரம் அழியும்போது, அதன் சுருக்கம் அடுத்த வட்டத்தில் ஏற்கெனவே இருக்கும்.

காக்டை என்ற கருவி நெடுநாள் இயல்பாக வைத்திருந்த அமைப்பை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து நிமிட எண்களுக்கு 600 வரிசை, அரை மணிக்கு 700, இரண்டு மணிக்கு 775, நாளுக்கு 797. மொத்தம் 2,872 வரிசை. ஒரு எண்ணுக்கு 8 பைட் வீதம் 22,976 பைட். சராசரியோடு உச்ச மதிப்பையும் வைத்தால் இதைப்போல் இரு மடங்கு. உள்ளே வருவது, வெளியே போவது என இணைப்பு ஒன்றுக்கு இரண்டு அளவீடுகள். எனவே நான்கு மடங்கு. தலைப்பு விவரங்கள் நீங்கலாக 91,904 பைட். இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு, செல்போனில் எடுத்த ஒரு நல்ல புகைப்படத்தைவிடச் சிறிய இடத்தில். அதே 797 நாட்களை ஐந்து நிமிட நுணுக்கத்தில் அப்படியே வைத்தால் ஒரே ஓர் அளவீட்டின் சராசரிக்கு மட்டும் 18,36,288 பைட், ஏறக்குறைய எண்பது மடங்கு.

"டிஸ்க் இப்போது மலிவுதானே, எண்பது மடங்கு என்றாலும் வைத்துக்கொள்ளலாமே" என்பது உடனே எழும் கேள்வி. நியாயமான கேள்விதான், பத்தாயிரம் அளவீடுகள் என்றாலும் 18 ஜிபிதான் ஆகும். ஆனால் இடம் மட்டும் பிரச்சினை அல்ல. ஓராண்டின் கிராஃபை ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் அதன் அகலம் 400 பிக்சலோ 800 பிக்சலோ. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட எண்களை அதற்குள் அப்படியே காட்ட வழியில்லை. யாராவது ஓரிடத்தில் சுருக்கித்தான் ஆக வேண்டும். அதை எண் வரும்போதே சிறுகச் சிறுகச் செய்வதா, அல்லது இரவு இரண்டு மணிக்குக் கோளாறு வந்து ஆறு பேர் ஒரே நேரத்தில் திரையைத் திறக்கும்போது லட்சக்கணக்கில் படித்துச் செய்வதா என்பதுதான் நம் முன் உள்ள தேர்வு. முதல் வழியில் ஆண்டுக் கிராஃபுக்கு 365 வரிசை படித்தால் போதும். எம்ஆர்டிஜி இந்தப் பொருத்தத்தை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டது: அதன் நாள் கிராஃப் 400 பிக்சல் அகலம், ஒரு பிக்சலுக்கு ஐந்து நிமிடம், ஆகவே 33 மணி நேரம். திரையில் தெரிவது எவ்வளவோ அதற்கு ஏற்ற சேமிப்பு.

அடுத்த எதிர்ப்பு இன்னும் கூர்மையானது. சராசரி பொய் சொல்லும் என்கிறார்கள். சொல்லும்தான். ஒரு நாளில் ஐந்தே நிமிடம் ஓர் இணைப்பு 95 சதவீதம் நிரம்பியது, மற்ற நேரமெல்லாம் 10 சதவீதம் என்றால், அந்த நாளின் சராசரி 10.3. ஓராண்டு கழித்துப் பார்ப்பவருக்கு அந்த இணைப்பு ஒருநாளும் திணறியதே இல்லை என்று தோன்றும். இதற்கு மருந்து கருவியிலேயே இருக்கிறது: நாள் வட்டத்தில் சராசரிக்குப் பக்கத்திலேயே உச்சத்துக்கும் ஒரு வட்டம் வைக்க வேண்டும். அப்போது 10.3 என்பதோடு 95 என்பதும் நிற்கும். இரண்டும் சேர்ந்தால்தான் உண்மை முழுமையாகத் தெரிகிறது. உச்சத்தை மட்டும் வைத்திருந்தால் அந்த இணைப்பு எந்நேரமும் திணறியதாகத் தோன்றிவிடும். ஆனால் சுருக்கவே கூடாத கணக்குகளும் உண்டு. இணைய நிறுவனங்கள் பல, மாதம் முழுவதும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த அளவுகளை வரிசைப்படுத்தி, மேலே உள்ள ஐந்து சதவீதத்தைத் தள்ளிவிட்டு, அடுத்து நிற்கும் எண்ணுக்குப் பணம் வாங்குகின்றன. முப்பது நாள் மாதத்தில் 8,640 அளவுகள், தள்ளப்படுபவை 432. இந்தக் கணக்கை அரை மணிச் சராசரிகளிலிருந்து போட்டால் மேடுகள் தேய்ந்துபோய், பெரும்பாலும் குறைவான எண்ணே வரும். மேலே பார்த்த காக்டை அமைப்பில் ஐந்து நிமிட விவரம் 50 மணி நேரம்தான் இருக்கும் என்பதை மறந்து, மாதக் கடைசியில் கட்டணத்தைச் சரிபார்க்க உட்கார்ந்தவருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. 31 நாளுக்கு 8,928 வரிசை, 71,424 பைட். முதல் நாள் யோசித்திருந்தால் அவ்வளவுதான் செலவு.

"வருங்காலத்தில் என்ன கேள்வி வரும் என்று முதல் நாளே யாருக்குத் தெரியும்?" இதுதான் அளவு நிர்ணயத்துக்கு எதிரான மிக வலுவான வாதம். அதற்கு ஆதாரமாக வானத்திலிருந்தே ஒரு நிகழ்ச்சியைக் காட்டலாம். 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டிலிருந்து புறப்பட்ட அலாஸ்கா ஏர்லைன்ஸ் போயிங் 737 மேக்ஸ் 9 விமானத்தின் பக்கவாட்டில், கதவு இருக்க வேண்டிய இடத்தை அடைத்திருந்த பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானம் பத்திரமாகத் திரும்பி இறங்கியது. ஆனால் விமானி அறையின் குரல் பதிவைத் தேடிய விசாரணை அதிகாரிகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கருவி இரண்டு மணி நேர வட்டம். தரையிறங்கிய பின்னும் மின்சாரத்தை யாரும் துண்டிக்காததால் ஓடிக்கொண்டே இருந்து, தேவைப்பட்ட குரல்களைத் தன்மேல் தானே எழுதி அழித்துவிட்டது. இதைக் கேட்டு வட்டப் பதிவே தவறு என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். விமானத் துறை அப்படி முடிவு கட்டவில்லை. ஐரோப்பாவில் புதிதாகத் தயாராகும் பெரிய விமானங்களுக்கு 25 மணி நேர வட்டம் கட்டாயம். அமெரிக்காவும் 2024-ல் 25 மணி நேரத்துக்குச் சட்டம் செய்தது. வட்டம் வட்டமாகவே இருக்கிறது, அதன் சுற்றளவுதான் மாறியது. பழைய அளவு, கேள்வி கேட்பவர் வந்து சேரும் நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

அதே கேள்வியைச் சர்வர் அறைக்கும் கேட்டுப் பாருங்கள். வெள்ளி இரவு எட்டு மணிக்கு ஏதோ நடக்கிறது. எச்சரிக்கை மணி அடிக்கும் அளவுக்கு இல்லை. திங்கள் காலை ஒன்பது மணிக்குப் பயனர்கள் புகார் சொல்கிறார்கள், பொறியாளர் கிராஃபைத் திறக்கிறார். நடுவில் 61 மணி நேரம். 600 வரிசை வட்டத்தில் 50 மணி நேரம்தான் இருக்கும். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றும் நடக்காமல் கிடந்த நேரத்தின் நுணுக்கமெல்லாம் பத்திரமாக இருக்க, வெள்ளி இரவின் நுணுக்கம் மட்டும் போயிருக்கும். நாலு நாள் பண்டிகை விடுமுறை சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். வருங்காலக் கேள்விகள் எல்லாம் நமக்குத் தெரியாதுதான். ஆனால் யார் எப்போது வந்து கேட்பார் என்பது பெருமளவு தெரியும்: வார விடுமுறை தெரியும், மாதக் கணக்கு முடிக்கும் நாள் தெரியும், ஆண்டுத் தணிக்கை எப்போது வரும், புது உபகரணம் வாங்கும் முடிவுக்கு எத்தனை ஆண்டுப் போக்கைக் காட்டச் சொல்வார்கள் என்பதும் தெரியும். வட்டத்தின் சுற்றளவுக்கு அளவுகோல் இவைதான். ஐந்து நிமிட விவரத்தைப் பத்து நாள் வைக்க 2,880 வரிசை, 23,040 பைட் போதும். இந்தச் சிறு தொகையைக் கொடுக்காமல் விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

கோப்பை உருவாக்கும்போது நிரப்ப வேண்டிய இன்னும் சில கட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் நான் மிக முக்கியமாக நினைப்பது, எண் வராதபோது என்ன செய்வது என்பது. ஆர்ஆர்டிடூலில் ஒவ்வோர் அளவீட்டுக்கும் 'இதயத்துடிப்பு' என்ற கால வரம்பு ஒன்று கேட்கப்படும். இடைவெளி 300 நொடி என்றால் வரம்பை 600 என்று வைப்பது வழக்கம். அதற்குள் எண் வரவில்லையென்றால் அந்த இடத்தில் பூஜ்யம் எழுதப்படாது. 'தெரியாது' என்று குறிக்கப்படும். இந்த வேறுபாடு சிறியதல்ல. பூஜ்யம் என்றால் இணைப்பு சும்மா இருந்தது. 'தெரியாது' என்றால் நம் கண் மூடியிருந்தது. முதலாவது இணைப்பைப் பற்றிய செய்தி, இரண்டாவது நம்மைப் பற்றியது. பூஜ்யம் போட்டு நிரப்பும் அமைப்புகளில் கண்காணிப்புக் கருவி செத்துக் கிடந்த நேரமெல்லாம் அமைதியான நேரமாகத் தெரியும். சுருக்கும்போதும் இதே கவனம் உண்டு: ஒரு நாளின் 288 எண்களில் எத்தனை பங்கு தெரியாமல் போனாலும் பரவாயில்லை என்று ஒரு விகிதம் சொல்ல வேண்டும். பாதி என்று சொன்னால், பாதிக்கு மேல் காணாமல்போன நாள், நாளாகவே 'தெரியாது' ஆகிவிடும். கிடைத்த சில எண்களை வைத்து முழு நாளுக்கும் ஒரு சராசரி ஜோடிக்கப்படாது.

இன்னொரு கட்டம், எண்ணின் வகை. வெப்பம் போன்றவை ஏறும், இறங்கும். வந்ததை வந்தபடி வைக்கலாம். ரவுட்டர் அப்படியில்லை. கடந்துபோன பைட்டுகளை அது எண்ணிக்கொண்டே போகிறது. முந்தைய எண்ணைக் கழித்து நேரத்தால் வகுத்தால்தான் வேகம் தெரியும். பழைய 32 பிட் எண்ணி 4,29,49,67,295 வரை போய் மீண்டும் பூஜ்யத்துக்கு வரும். இணைப்பு நிறைந்து ஓடினால், 100 மெகாபிட்டில் இது நடக்க 5.7 நிமிடம், ஒரு கிகாபிட்டில் 34 நொடி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பவர் நடுவில் எட்டுச் சுற்றுகள்வரை தவறவிட்டு, மிகக் குறைந்த வேகத்தை உண்மை என்று நம்புவார். 64 பிட் எண்ணியைப் படிப்பதே தீர்வு. ரவுட்டரை அணைத்துப் போட்டாலும் எண்ணி பூஜ்யத்துக்குப் போகும். அதையும் ஒரு சுற்று என்று தவறாக எடுத்துக்கொண்டால் கிராஃபில் வானளாவிய கம்பம் ஒன்று நிற்கும். அந்த இணைப்பால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்பதை உச்ச வரம்பாகக் கொடுத்துவிட்டால், வரம்பு மீறிய எண் 'தெரியாது' என்று ஒதுக்கப்படும். ஆண்டு உச்சத்தைக் காட்டும் வட்டத்தில் இப்படி ஒரே ஒரு பொய்க் கம்பம் புகுந்தால் அது ஆண்டுக்கணக்கில் அகலாது.

இதெல்லாம் பழைய கதை, புதிய கருவிகள் வந்துவிட்டன என்பார்கள். வந்திருக்கின்றன. கொரில்லா என்ற தன் தரவுத்தளத்தைப் பற்றி ஃபேஸ்புக் 2015-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, நேரமும் மதிப்புமாக 16 பைட் பிடிக்கும் ஓர் எண்ணைச் சராசரியாக 1.37 பைட்டுக்குள் அடக்கலாம் என்று காட்டியது. சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012-ல் தொடங்கி இன்று எங்கும் பரவியுள்ள ப்ரோமிதியஸ் என்ற கருவியும் அதே வழியில் போகிறது. நுணுக்கத்தைக் குறைக்காமலே இடத்தைக் குறைக்கும் அற்புதமான முறை. ஆனால் கொரில்லா நினைவகத்தில் வைத்திருந்தது 26 மணி நேரத் தரவை. ப்ரோமிதியஸ் இயல்பாக வைப்பது 15 நாள். அதற்கு மேல் சுருக்கம்கூட மிஞ்சாமல் மொத்தமாகப் போய்விடும். ஆகவே புதியவையும் மறக்கத்தான் செய்கின்றன. அமைப்பவரின் கேள்வி அங்கேயும் அப்படியே இருக்கிறது. கோப்பை உருவாக்கும் கட்டளையில் கேட்கப்படாமல், யாரும் திறந்து பார்க்காத ஓர் அமைப்பு வரியில் ஒளிந்திருக்கிறது. மறுபக்கம், நிலையளவுக் கோப்புகளின் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கோப்பும் வளராது என்றாலும் கோப்புகளின் எண்ணிக்கை வளரலாம். கிராஃபைட் என்ற கருவியின் விஸ்பர் தரவுத்தளம் ஓர் எண்ணுக்கு 12 பைட் என்று அளந்து ஒதுக்குகிறது. ஆனால் புதிய பெயரில் ஓர் அளவீடு வந்தால் உடனே புதிய கோப்பு திறக்கும். நிமிடத்துக்கு நிமிடம் பிறந்து மறையும் கன்டெய்னர்களின் பெயரில் அளவீடுகள் வந்தால், செத்துப்போன பெயர்களின் முழு அளவுக் கோப்புகளால் டிஸ்க் நிறைந்துவிடும். அங்கே நிலையளவு என்ற வாக்குறுதி உடைகிறது. அத்தகைய இடங்களுக்கு ப்ரோமிதியஸ் போன்றவையே ஏற்றவை. ரவுட்டர், சுவிட்ச், யுபிஎஸ், வெப்பமானி, ஜெனரேட்டர் என ஆண்டுக்கணக்கில் அதே பெயரோடு அதே இடத்தில் நிற்கும் பொருள்களுக்கு வட்டக் கோப்பே இன்றும் சிக்கனமானது, தொல்லையில்லாதது.

வட்டத்துக்குள் போகவே கூடாத தரவும் உண்டு. மழை அளவு, நோயாளியின் பரிசோதனை முடிவு, பணப் பரிமாற்றம் போன்றவை ஆவணங்கள். நூறு ஆண்டு கழித்தும் ஒருவர் அந்த ஒரே நாளின் எண்ணைக் கேட்க உரிமை உண்டு. அவற்றைச் சராசரியாக்குவது அழிப்பதற்குச் சமம். ஆர்ஆர்டிடூல் வந்த எண்ணை நேர இடைவெளிக்குப் பொருத்தும்போதே சற்று மாற்றி எழுதும் கருவி. 12 என்று கொடுத்த எண் 11.8 என்று திரும்பி வரலாம். போக்கைக் காட்டும் கிராஃபுக்கு அது போதும், கணக்குப் புத்தகத்துக்கு ஆகாது.

கண்காணிப்புத் தரவும் சில வேளை ஆவணமாக மாறும். பெரிய செயலிழப்பு ஒன்று நடந்தால் அந்த நாளின் ஐந்து நிமிட எண்கள் விசாரணைக்குத் தேவை; பத்து நாள் வட்டம் என்றால் பத்தே நாள்தான் கையில் இருக்கிறது. எனவே செயலிழப்பின்போது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில், சேவையை மீட்பது என்ற வரிக்கு அடுத்த வரியாக, தொடர்புடைய கோப்புகளை வேறோர் இடத்தில் நகல் எடுப்பது என்று எழுதி, அதற்கு ஒருவர் பெயரையும் போட்டுவிட வேண்டும். மேலே சொன்ன காக்டை அமைப்பில் ஐந்து நிமிட வட்டத்தைப் பத்து நாளுக்கு நீட்டி, அதே இடைவெளிக்குத் தேவையில்லாத உச்ச வட்டத்தை எடுத்துவிட்டால், இணைப்பு ஒன்றுக்கு 1,18,784 பைட். நூறு இணைப்புகளின் முழு வரலாற்றையும் நகல் எடுத்தால் 12 எம்பி. சில நொடி வேலை.